பெட்டிங் எக்ஸ்சேஞ்சில் டென்னிஸ் டிரேடிங்: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

பெட்டிங் எக்ஸ்சேஞ்ச் என்பது ஆட்கள் ஒருவருக்கொருவர் எதிராகப் பந்தயம் வைக்கும் இணையச் சந்தை. அங்கே ஒருவர் விலை 2.00 என்றால், ஒரு பவுண்டு வைத்து ஜெயித்தால் இரண்டு பவுண்டு திரும்பும். மேட்ச் நடக்கும்போது மாறும் இந்த விலையில் வாங்கி விற்பதுதான் டென்னிஸ் டிரேடிங். அதைக் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் கடைசிப் பாடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். “ஒரு செட்டும் ஒரு பிரேக்கும் முன்னால் இருப்பவரை லே செய்” (பிரேக் என்றால் எதிராளியின் சர்வ் கேமை ஜெயிப்பது, லே என்றால் ஒருவர் ஜெயிக்க மாட்டார் என்று பந்தயம் வைப்பது) என்று யாரோ ஒரு வீடியோவில் சொல்லியிருப்பார். அதை எடுத்துக்கொண்டு நேராகச் சந்தைக்குள் போவார்கள். இரண்டு நாள் லாபம் வரும், மூன்றாம் நாள் எல்லாம் போகும். எங்கே தப்பு என்றுகூடத் தெரியாது.

உத்தி கடைசியில்தான் வர வேண்டும். ஒவ்வொரு ஸ்கோருக்கும் விலை என்னவாக இருக்கும், அடுத்த கேம் முடிந்ததும் அது எங்கே போகும் என்று சொல்லத் தெரிந்த பிறகே உத்திக்கு அர்த்தம் உண்டு. இந்த வழிகாட்டியின் வரிசையும் அப்படித்தான். நடுவில் தாண்டிப் போகாதீர்கள்.

1. முதலில் சட்டம்

இது பிரிட்டனில் வாழ்பவர்களுக்காக எழுதப்பட்டது. அங்கே 18 வயது நிரம்பியவர்கள், கேம்ப்ளிங் கமிஷன் உரிமம் பெற்ற எக்ஸ்சேஞ்சில் கணக்குத் தொடங்கலாம். தனிநபருக்குப் பந்தய லாபத்தின் மீது வருமான வரி கிடையாது. அதே காரணத்தால் நஷ்டத்தை எந்த வரியிலும் கழிக்கவும் முடியாது.

இந்தியாவில் இருப்பவர்கள் இதை முயல வேண்டாம். 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே 2023இல் ஒரு தனிச் சட்டம் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் “எக்ஸ்சேஞ்ச் ஐடி தருகிறோம்” என்று வருபவர்களிடம் பணம் கட்டினால், அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க ஓர் அலுவலகம்கூட இருக்காது.

2. ஆரம்பிக்கும் முன் தேவைப்படுபவை

கணக்கு: பெட்ஃபேர், ஸ்மார்க்கெட்ஸ், மேட்ச்புக், பெட்டாக் என்று சில எக்ஸ்சேஞ்சுகள் இருக்கின்றன. டென்னிஸில் அதிகப் பணம் புழங்குவது பெட்ஃபேரில், அதனால் இங்கே அதை வைத்தே பேசுகிறேன். அடையாளச் சரிபார்ப்பைக் கணக்குத் தொடங்கிய அன்றே முடித்துவிடுங்கள்.

பணம்: போனால் வீட்டுச் செலவில் எதுவும் மாறாத தொகை மட்டும். 200 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். கிரெடிட் கார்டில் போட முடியாது. பிரிட்டனில் 2020 ஏப்ரல் முதல் அதற்குத் தடை. டெபாசிட் வரம்பையும் அன்றைக்கே போட்டுவிடுங்கள். நஷ்டத்தில் உட்கார்ந்திருக்கும் இரவில் யாரும் வரம்பு போடுவதில்லை.

திரை: கணினி வேண்டும், கைபேசி போதாது. விலைகளை ஏணி மாதிரி அடுக்கிக் காட்டும் லேடர் வேண்டும். பெட் ஏஞ்சல், கீக்ஸ் டாய் போன்ற மென்பொருள்களில் அது இருக்கிறது. பெட் ஏஞ்சலில் பணம் போடாமல் பழகும் வசதியும் உண்டு.

படம்: நீங்கள் பார்க்கும் ஒளிபரப்பு நேரலை அல்ல. செயற்கைக்கோள் ஒளிபரப்பே சில வினாடி பின்தங்கும், இணைய ஸ்ட்ரீம் இன்னும் பின்னால் இருக்கும். இதை அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பெரிய பாயிண்ட் நடக்கும்போது லேடரையும் படத்தையும் சேர்த்துப் பாருங்கள். விலை குதித்து எத்தனை வினாடி கழித்து உங்கள் படத்தில் பந்து வலையில் விழுகிறது? அதுதான் உங்கள் தாமதம். மைதானத்திலேயே உட்கார்ந்து தகவல் அனுப்புகிறவர்கள் உண்டு. 2014இல் ஆஸ்திரேலிய ஓபனில் ஒருவர் அதற்காகக் கைதுகூட ஆனார், வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. அவர்களோடு வேகத்தில் போட்டி போட முடியாது. பாயிண்ட்டுக்கு நடுவே வாங்கி விற்பதை இப்போதே மறந்துவிடுங்கள்.

3. மூன்று கணக்குகள்

முதல் கணக்கு, விலையை வாய்ப்பாக மாற்றுவது. 100ஐ விலையால் வகுங்கள். 2.00 என்றால் 50%, 1.33 என்றால் 75%, 4.00 என்றால் 25%. இது மனக்கணக்காக வர வேண்டும். ஏனென்றால் வாய்ப்பில்தான் யோசிக்க முடியும், விலையில் யோசித்தால் கண் ஏமாற்றும். 1.10இலிருந்து 1.20க்குப் போவது சின்ன நகர்வு மாதிரி தெரியும். உண்மையில் வாய்ப்பு 91%இலிருந்து 83%க்கு விழுந்திருக்கிறது.

இரண்டாவது, பேக்கும் லேயும். பேக் என்பது ஒருவர் ஜெயிப்பார் என்று பணம் வைப்பது. லே என்பது அவர் ஜெயிக்க மாட்டார் என்று எதிர்ப்பக்கம் நிற்பது. பேக் செய்தால் அதிகபட்சம் வைத்த தொகை போகும். லே செய்தால் போவது தொகை × (விலை − 1). 20 பவுண்டை 3.00இல் லே செய்தால் லயபிலிட்டி 40 பவுண்டு. புதியவர்கள் 20 தான் போகும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, இரண்டு பக்கமும் சமமாக்கி வெளியேறுவது. இதைத்தான் கிரீன் அப் என்கிறார்கள். சூத்திரம் இவ்வளவுதான்: நுழைந்த தொகை × நுழைந்த விலை ÷ வெளியேறும் விலை. 20 பவுண்டை 1.80இல் பேக் செய்தீர்கள், விலை 1.50க்கு வந்தது. 20 × 1.80 ÷ 1.50 = 24. 24 பவுண்டை 1.50இல் லே செய்தால், அவர் ஜெயித்தாலும் 4 பவுண்டு, தோற்றாலும் 4 பவுண்டு. நஷ்டத்தில் வெளியேறவும் இதே சூத்திரம்தான்.

கேஷ் அவுட் பொத்தான் இதை உங்களுக்காகச் செய்துவிடும். ஆனாலும் முதலில் கையால் போட்டுப் பழகுங்கள். பொத்தான் காட்டும் தொகை எதிர்ப்பக்கம் அந்த நொடியில் இருக்கும் விலையை வைத்து வருவது. பணப்புழக்கம் குறைந்த சந்தையில் அது மோசமான விலையாக இருக்கும். கணக்குத் தெரிந்தவர்தான் அதைக் கண்டுபிடிப்பார்.

இதற்கெல்லாம் மேலே கமிஷன். ஒரு சந்தையில் மொத்தமாக லாபம் வந்தால் அதில் ஒரு பங்கை எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொள்ளும். எக்ஸ்சேஞ்சையும் திட்டத்தையும் பொறுத்து 2%, 5% என்று மாறும். நஷ்டத்துக்குக் கமிஷன் இல்லை.

4. சந்தையின் நடைமுறைகள்

விலை நகரும் குறைந்தபட்ச அளவு டிக். அது எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பெட்ஃபேரில் 2.00 வரை 0.01, 2 முதல் 3 வரை 0.02, 3 முதல் 4 வரை 0.05, 4 முதல் 6 வரை 0.1, 6 முதல் 10 வரை 0.2. அதனால் “பத்து டிக் லாபம்” என்று யாராவது சொன்னால், எந்த விலையில் என்று கேளுங்கள். 1.10இல் பத்து டிக் வேறு, 5.0இல் பத்து டிக் வேறு.

ஆட்டம் நடக்கும்போது நீங்கள் அனுப்பும் பந்தயம் சில வினாடி நிறுத்தி வைக்கப்பட்ட பிறகே சந்தைக்குள் போகும். கால்பந்தில் கோல் விழுந்தால் சந்தையை நிறுத்திவிடுவார்கள். டென்னிஸில் பாயிண்ட்டுக்குப் பாயிண்ட் அப்படி நிறுத்துவதில்லை. எனவே மேட்ச் ஆகாமல், அதாவது எதிர்ப்பக்கம் எடுக்க ஆள் கிடைக்காமல், கிடக்கும் உங்கள் பந்தயத்தை, பாயிண்ட் முடிவை முன்பே தெரிந்துகொண்டவர் எடுத்துவிடுவார். அதாவது, உங்களுக்குச் சாதகமாக இருந்தால் அது மேட்ச் ஆகாமலே கிடக்கும், பாதகமாக இருந்தால் உடனே மேட்ச் ஆகும். ஆடும் நேரத்தில் வரிசையில் பந்தயம் விட்டுவைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

காயம் பட்டு விலகுவது தொடர்பான விதியையும் முன்பே படித்திருக்க வேண்டும். பெட்ஃபேரில் ஒரு செட்கூட முடியாமல் ஆட்டக்காரர் விலகினால் அந்த மேட்சின் பந்தயங்கள் எல்லாம் ரத்து. முதல் செட் 4-2இல் அழகாகச் சமமாக்கி வைத்த 8 பவுண்டும் அதோடு போய்விடும். ஒரு செட் முடிந்த பிறகு விலகினால், அடுத்த சுற்றுக்குப் போகிறவர்தான் வெற்றியாளர். பின்தங்கியவர் மீண்டு வருவார் என்று முன்னிலையில் இருப்பவரை லே செய்திருந்தால், அந்தப் பின்தங்கியவர் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காரும் நொடியில் உங்கள் முழு லயபிலிட்டியும் போகும். மற்ற எக்ஸ்சேஞ்சுகளில் விதி மாறலாம், பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

5. ஸ்கோரை விலையாகப் படிப்பது

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இது. யாரும் செலவழிக்காத படியும் இதுதான்.

செட்டிலிருந்து ஆரம்பிப்போம். சம பலமுள்ள இருவர், மூன்று செட் ஆட்டம், இருவருக்கும் 2.00. முதல் செட்டை ஜெயித்தவர் 1.33க்கு வருவார், தோற்றவர் 4.00க்குப் போவார். ஆட்டத்துக்கு முன் 1.50இல் இருந்தவர் முதல் செட்டை இழந்தால் ஏறக்குறைய 2.66, ஜெயித்தால் 1.18. ஆட்டத்துக்கு முன் 1.25இல் இருந்தவர் இழந்தால் 1.97 பக்கம், ஜெயித்தால் 1.09. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். “நம்பர் ஒன் ஆட்டக்காரர் 2.00க்கு வந்துவிட்டாரே, சும்மா கிடைக்கிறது” என்று கை பரபரக்கும்போது தாளைப் பார்க்கலாம். அது சும்மா இல்லை, கணக்குப்படி வர வேண்டிய விலைதான்.

அடுத்து சர்வ். ஆண்கள் ஏடிபி சுற்றில் சர்வ் செய்பவர் சுமாராக ஐந்து கேமில் நான்கைக் காப்பாற்றுகிறார், அதாவது தானே ஜெயிக்கிறார். பெண்கள் டபிள்யூடிஏ சுற்றில் சுமாராக மூன்றில் இரண்டு. களிமண் தரையில் இன்னும் குறையும், புல்தரையில் கூடும். குறிப்பிட்ட ஆட்டக்காரர்களின் எண்கள் சுற்றுகளின் தளங்களிலும் டென்னிஸ் அப்ஸ்ட்ராக்ட் தளத்திலும் கிடைக்கும்.

இப்போது ஒரே ஸ்கோரை மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள். சம பலமுள்ளவர்கள், இருவரும் சர்வை 78% காப்பாற்றுகிறவர்கள். ஒருவர் ஒரு பிரேக்குடன் 3-2 முன்னிலை, அடுத்த சர்வும் அவருடையது. முதல் செட்டில் இது நடந்தால் அவர் விலை சுமார் 1.56. முதல் செட்டை ஏற்கெனவே ஜெயித்துவிட்டு இரண்டாவதில் நடந்தால் 1.12. மூன்றாவது செட்டில் நடந்தால் 1.28. அந்த பிரேக் திரும்பிப் போய் 3-3 ஆனால் முறையே 2.00, 1.33, 2.00. ஸ்கோர்போர்டில் ஒரே 3-2தான். ஆனால் ஒரு பிரேக்கின் மதிப்பு எந்த செட் என்பதைப் பொறுத்து முழுக்க மாறுகிறது.

கேமுக்குள்ளும் அப்படித்தான். சர்வில் 65% பாயிண்ட் ஜெயிப்பவர் ஒரு கேமை 83% காப்பாற்றுவார். 0-15இல் அது 69%. 0-30இல் 48%. 15-40இல் 33%. 0-40இல்கூட 21%. 30-30 என்றால் மறுபடி 77%க்கு மேல். 0-30 ஆனதும் “பிரேக் வரப்போகிறது” என்று சர்வ் செய்பவரை லே செய்ய எல்லோருக்கும் கை துடிக்கும். அவர் அந்த கேமைக் காப்பாற்றுவது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி, சந்தை அந்தப் பாதியை ஏற்கெனவே விலையில் சேர்த்துவிட்டது. உங்கள் படம் ஐந்து வினாடி பின்னால் வேறு இருக்கிறது.

இனி முக்கியமான இடம். ஒவ்வொரு கிளிக்குக்கும் முன்னால் இரண்டு விலைகளை எழுதுங்கள்: இந்த கேமை சர்வ் செய்பவர் காப்பாற்றினால் விலை எங்கே போகும், பிரேக் ஆனால் எங்கே போகும்.

கடைசி செட், 4-4, அதே சம பலமுள்ளவர்கள். சர்வ் செய்பவர் 2.00. காப்பாற்றினால் 1.64, பிரேக் ஆனால் 9.0. அவரை 20 பவுண்டுக்கு பேக் செய்கிறீர்கள். காப்பாற்றினால் சமமாக்கி 4.39 லாபம். பிரேக் ஆனால் 15.56 நஷ்டம். 78 தடவை 4.39 கிடைத்து, 22 தடவை 15.56 போனால் மிஞ்சுவது ஏறக்குறைய பூஜ்யம். அதிலிருந்து கமிஷனும் கழியும்.

“சர்வ் செய்பவரை பேக் செய்” என்பதும் “சர்வ் செய்பவரை லே செய்” என்பதும் தன்னளவில் உத்தியே அல்ல என்பது இந்த ஓர் உதாரணத்திலேயே தெரிந்துவிடும். விலை நியாயமாக இருக்கும்வரை எந்தப் பக்கம் நின்றாலும் காலப்போக்கில் கமிஷன் அளவுக்கு நஷ்டம். லாபம் வர ஒரே வழி, காப்பாற்றும் வாய்ப்பு பற்றி உங்கள் கணிப்பு சந்தையுடையதிலிருந்து வேறுபட வேண்டும், அந்த வேறுபாட்டுக்குக் காரணமும் இருக்க வேண்டும். முதல் சர்வ் வேகம் ஒரு செட்டாக இறங்கிக்கொண்டே வருகிறது; இரண்டாவது சர்வை எதிராளி கோட்டுக்குள் ஏறி வந்து அடிக்கிறார்; காற்று ஒரு முனையில் மட்டும் எதிராக வீசுகிறது; இப்படிப்பட்ட காரணங்கள். மேலே சொன்ன 4-4இல் உண்மையான வாய்ப்பு 78 அல்ல, 70தான் என்றால், அதே 20 பவுண்டை லே செய்பவருக்கு சராசரியாக 1.60 மிஞ்சும். “இவர் தளர்ந்துவிட்டார் என்று தோன்றுகிறது” என்பது காரணம் ஆகாது. முகம் தளர்ந்திருப்பது சந்தையில் எல்லோருக்கும் தெரிகிறது.

6. பணம் போடாமல் பார்ப்பது

இரண்டு மூன்று வாரம் பார்வையாளராக மட்டும் இருங்கள். ஆட்டம் ஓட ஓட, ஒவ்வொரு கேம் தொடங்கும் முன்னும் அந்த இரண்டு விலைகளை எழுதி, கேம் முடிந்ததும் உண்மை விலையைப் பக்கத்தில் எழுதுங்கள்.

முதலில் கணிப்பு கன்னாபின்னாவென்று தப்பும். போகப் போக நெருங்கி வரும். தொடர்ந்து தப்பும் இடங்களைக் கவனியுங்கள். பெண்கள் ஆட்டத்தில் பிரேக்கின் மதிப்பை அதிகமாகப் போடுகிறீர்களா? பலமான ஆட்டக்காரர் பின்தங்கும்போது அவர் விலை நீங்கள் நினைத்த அளவுக்கு ஏறவில்லையா? இந்தப் பிழைகள் தாளில் வெளிப்பட்டால் செலவில்லை.

இந்தப் படியை நிறையப் பேர் தாண்டிவிடுகிறார்கள், சலிப்பாக இருக்கிறதாம். சலிப்பாகத்தான் இருக்கும்.

7. எந்த மேட்ச்

பணம் நிறையப் புழங்கும் ஆட்டம் மட்டும்: கிராண்ட் ஸ்லாம், மாஸ்டர்ஸ் 1000, டபிள்யூடிஏ 1000, ஏடிபி 500. பேக் விலைக்கும் லே விலைக்கும் நடுவே ஒரு டிக், அதிகம் போனால் இரண்டு டிக் இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அந்த இடைவெளியை உங்கள் பையிலிருந்து கட்டுகிறீர்கள்.

சாலஞ்சர், ஐடிஎஃப் ஆட்டங்கள் வேண்டாம். பணம் குறைவு, ஒளிபரப்பு மோசம், தகவல் முன்பே தெரிந்தவர்கள் எதிர்ப்பக்கம் இருப்பார்கள். மேட்ச் பிக்சிங்குக்காக, டென்னிஸில் முறைகேடுகளை விசாரிக்கும் அமைப்பான ஐடிஐஏ தடை விதிக்கும் ஆட்டக்காரர்களில் பலரும் இந்தக் கீழ்மட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான்.

ஆரம்பத்தில் ஆண்களின் ஐந்து செட் ஆட்டத்தையும் தள்ளி வையுங்கள். நேரம் நீளும், கவனம் சிதறும், விலைத் தாளும் வேறு.

8. முதல் டிரேட்

நேரம் கிடைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒற்றைப்படை கேம் முடிந்து ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும்போது 90 வினாடி, செட் முடிந்ததும் 120 வினாடி. ஒவ்வொரு செட்டிலும் முதல் கேமுக்குப் பிறகு மட்டும் உட்காராமல் மாறிவிடுவார்கள். இந்த இடைவெளிகளில் பந்து ஓடுவதில்லை, அதனால் உங்கள் படத்தின் தாமதம் பெரிதாகப் பாதிக்காது.

ஓர் உதாரணத்தை முழுவதுமாகப் பார்ப்போம். முதல் செட் ஜெயித்தவர் இரண்டாவதில் பிரேக்குடன் 3-2, சர்வ் அவருடையது, இப்போது இடைவேளை. லேடரில் பேக் 1.12, லே 1.13. அவர் சர்வ் ஆட்டம் காண்கிறது என்பது உங்கள் கருத்து.

அ. காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்: “கடைசி இரண்டு சர்வ் கேமும் டியூஸ் (40-40) வரை போனது, முதல் சர்வ் பாதிகூட விழவில்லை.” ஒரு வரி எழுத வரவில்லை என்றால் டிரேட் இல்லை.

ஆ. இரண்டு விலைகள்: காப்பாற்றி 4-2 ஆனால் பேக் 1.07, லே 1.08. பிரேக் திரும்பி 3-3 ஆனால் பேக் 1.32 பக்கம்.

இ. 50 பவுண்டை 1.13இல் லே செய்தால் மொத்த லயபிலிட்டி 6.50. காப்பாற்றினால் 1.07இல் 52.80 பவுண்டு பேக் செய்து வெளியேறலாம், நஷ்டம் 2.80. பிரேக் திரும்பினால் 1.32இல் 42.80 பேக் செய்து வெளியேறலாம், லாபம் 7.20.

ஈ. 2.80ஐ மொத்தம் 10.00ஆல் வகுத்தால் 28%. பிரேக் வாய்ப்பு 28%க்கு மேல் என்று நம்பினால் மட்டும் உள்ளே போகலாம். சந்தை 22% என்கிறது. நடுவில் இருக்கும் 6%தான் இடைவெளிக்கும் டிக்குக்கும் நீங்கள் கட்டும் கூலி. உங்கள் கருத்து 25% என்றால் அது சரியான கருத்தாகவே இருந்தாலும் டிரேட் நஷ்டம்தான்.

உ. திட்டமிட்ட நஷ்டம் வங்கியில், அதாவது டிரேடிங்குக்கு ஒதுக்கிய மொத்தப் பணத்தில், 2%க்குள் இருக்கிறதா? 200 பவுண்டுக்கு 4 பவுண்டு, சரி. மோசமான நிலையில் 6.50 போனாலும் தாங்கும்.

ஊ. பந்தயத்தைப் போட்டு, மேட்ச் ஆனதை உறுதி செய்யுங்கள். பாதி மட்டும் மேட்ச் ஆகியிருந்தால், இடைவேளை முடியும் முன் மீதியை ரத்து செய்துவிடுங்கள்.

9. வெளியேறுவது

அந்த கேம் முடிந்ததும் எழுதிய இரண்டு விலைகளில் ஒன்று வந்திருக்கும். வந்தது எதுவானாலும் வெளியேறுங்கள். அவ்வளவுதான்.

புதியவர்கள் இங்கேதான் மேட்ச் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். கேம் காப்பாற்றப்பட்டது, 2.80 நஷ்டம், “அடுத்த சர்வில் பார்க்கலாம்” என்று இருப்பார்கள். உள்ளே போனதற்கான காரணம் அந்த ஒரு கேமுக்கு உரியது, அது முடிந்துவிட்டது. இருக்க வேண்டும் என்றால் புதிதாக ஒரு காரணமும் புதிதாக இரண்டு விலைகளும் எழுதுங்கள். அது வேறொரு டிரேட்.

லாபப் பக்கத்திலும் இதே கதைதான். பிரேக் திரும்பியதும் 7.20ஐ எடுக்காமல், ஆட்டமே புரளும் என்று காத்திருப்பார்கள். சில சமயம் புரளும், ஆனால் அது கணக்கில் இல்லாத வேறொரு பந்தயம்.

10. தடுக்கி விழும் இடங்கள்

1.03ஐ இலவசப் பணம் என்று நினைப்பது. 100 பவுண்டுக்கு 3 பவுண்டு. ஒரு தடவை தவறினால், அதை ஈடுகட்ட முப்பத்து நான்கு தடவை தொடர்ந்து ஜெயிக்க வேண்டும், கமிஷன் இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு. 2022 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் நடால் இரண்டு செட் பின்னால், மூன்றாவதில் 2-3, தன் சர்வில் 0-40 என்று நின்று மெத்வதேவை ஜெயித்தார். 2025 பிரெஞ்சு ஓபன் இறுதியில் நான்காவது செட் 3-5, 0-40இல் அல்கராஸ் மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட்டைக் காப்பாற்றி சின்னரை வீழ்த்தினார். அபூர்வம்தான், அந்த அபூர்வத்துக்கு உரிய விலைதான் அந்த 3 பவுண்டு.

டை-பிரேக்கில் மாட்டிக்கொள்வது. ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் விலை பாயும், இடைவேளை ஆறு பாயிண்ட்டுக்கு ஒரு தடவை பக்கம் மாறுவது மட்டுமே. செட்டில் கேம் 5-5 ஆனதும் கையில் எதுவும் இல்லாமல் இருப்பது நல்லது. 2022 முதல் நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் கடைசி செட் 6-6 ஆனால் பத்து பாயிண்ட் டை-பிரேக். முன்பு போல நீண்டுகொண்டே போகும் செட்டை எதிர்பார்த்து யாரும் இருக்க முடியாது.

மருத்துவ இடைவேளையில் கிளிக் செய்வது. ஆட்டக்காரர் பிசியோவைக் கூப்பிட்டதும் விலை தாவும். என்ன காயம் என்று உங்களுக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் மறுபக்கம் இருக்கலாம். கையில் பொசிஷன் இருந்தால் சமமாக்கிவிட்டு ஒதுங்குங்கள்.

ஒரே நேரத்தில் நான்கு மேட்ச் திறந்து வைப்பது. இரண்டு விலை எழுதும் பழக்கம் அங்கேயே செத்துவிடும்.

நஷ்டத்தைத் துரத்துவது. 2.80 போனதும் அடுத்ததில் 150 பவுண்டு லே. இதற்குத் தொழில்நுட்ப மருந்து இல்லை. மென்பொருளில் ஒரு நாள் நஷ்ட வரம்பு வைத்து, எட்டியதும் கணினியை மூடும் வழக்கம் மட்டும்தான். கை நிற்கவில்லை என்றால் அது டிரேடிங் பிரச்சினை அல்ல. சூதாட்டத்திலிருந்து தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் திட்டமான கேம்ஸ்டாப்பில் பதிந்தால் பிரிட்டனில் உரிமம் பெற்ற எல்லா இணையத் தளங்களும் உங்களை அனுமதிக்காது. தேசிய உதவி எண் 0808 8020 133, கட்டணமில்லை, இரவும் எடுப்பார்கள்.

11. பதிவேடு

ஒவ்வொரு டிரேட்டுக்கும் ஒரு வரி: ஆட்டம், தரை, ஸ்கோர், காரணம், எழுதிய இரண்டு விலைகள், நுழைந்த விலை, வெளியேறிய விலை, கமிஷன் போக மிச்சம். அதோடு, திட்டப்படி வெளியேறினேனா என்று ஆம் அல்லது இல்லை.

நூறு வரி சேரும்வரை லாப நஷ்டத்தைக் கூட்டிப் பார்க்காதீர்கள். அந்த அளவில் அதிர்ஷ்டமே பெரும்பங்கு. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அந்த ஆம், இல்லை மட்டும். “இல்லை” பத்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால் தொகையைக் கூட்டக் கூடாது.

நூறுக்குப் பிறகு காரணம் வாரியாகப் பிரியுங்கள். “முதல் சர்வ் விழவில்லை” என்று நுழைந்த இடங்களில் பிரேக் எத்தனை தடவை வந்தது? நீங்கள் நினைத்த 30%ஆ, சந்தை சொன்ன 22%ஆ? 22 என்றால் அந்தக் காரணம் ஏற்கெனவே விலைக்குள் இருக்கிறது, அதை அடித்துவிட்டு அடுத்த காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலான காரணங்கள் இப்படித்தான் அடிபட்டுப் போகும். பலருக்கு ஒன்றுகூட மிஞ்சாது. அப்படி மிஞ்சாதவர் 50 பவுண்டு லேயை 100 ஆக்குவதில் பொருளில்லை. கணக்கில் கிடக்கும் மீதியை எடுத்துக்கொண்டு மேட்சை மட்டும் பார்க்கலாம். ஒன்று மிஞ்சினால், வங்கி கால் பங்கு வளர்ந்த பிறகு தொகையையும் கால் பங்கு கூட்டுங்கள், புது வரியிலிருந்து மறுபடி நூறு எழுதுங்கள்.